ஊர்க் கிணற்றுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்தவர்
திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் வாழ்வும் தொண்டும்

விழா மலர் என்றால் அதில் ஆயர் பெருந்தகையின் ஆசியுரை இருக்கும். ஆலயம் எழுந்த வரலாறு இருக்கும். புனிதர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பும் இருக்கும். இம்மலரில் அவற்றோடு புனிதர் வரிசையில் இடம் பெறாத ஒருவரின் வாழ்க்கையையும் சேர்க்க விரும்பினோம். அவர் கத்தோலிக்கர் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். மதம் மாறுவதில் அவருக்கு உடன்பாடும் இருந்ததில்லை. ஆயினும் நம் மாவட்டத்து மண்ணில் பிறந்து, நம் பங்கு மக்களில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் நடக்கவும், நீர் மொள்ளவும், அரசு அலுவலகத்தின் படி ஏறவும் உரிமை கேட்டு வாதாடியவர் அவர். நன்றி கூறும் விழாவில் அவருக்கும் நன்றி கூறுவது முறையென்று கருதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

அணுபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக மதுராந்தகம் செல்லும் சாலையை நம்மில் அறியாதவர் இல்லை. அந்த மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்ற சிற்றூரே சீனிவாசனார் பிறந்த ஊர். ஆண்டு 1859, ஜூலை 7ஆம் நாள். தந்தையார் பெயர் இரட்டைமலை. அப்பெயரையே தம் பெயரின் முன்னால் வாழ்நாள் முழுதும் தாங்கி நின்றார் மகனார்.

அக்காலச் செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்து நிலம் மிராசுதாரர்களின் கையில் இருந்தது. விளைநிலம் மட்டுமன்றித் தரிசும், சேரியில் குடிசை நின்ற மனையுங்கூட அவர்களுடைய உரிமை என்றே பேசப்பட்டது. உழைத்தவனுக்குக் காணி நிலமில்லை. எதிர்த்துப் பேசினால் மறுநாள் குடிசையும் இல்லை. 1891ஆம் ஆண்டு இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் என்ற ஆங்கிலேயர் இந்நிலையை நேரில் ஆராய்ந்து அரசுக்கு விரிவான அறிக்கை ஒன்றை அனுப்பினார். செங்கல்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சபைக் குருவான ஆடம் ஆண்ட்ரூ போன்ற சீர்திருத்த சபை மிஷனரிமாரும் இதற்காகக் குரல் கொடுத்தனர். அதன் பயனாக 1892இல் அரசாணை பிறந்தது. தரிசு நிலங்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. பிறர் அவற்றை வாங்கக் கூடாது என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று கூறுவது இதனையே.

இத்தகைய மாவட்டத்தில் பிறந்த சிறுவன் பள்ளிக்குச் செல்வதே அரிது. குடும்பம் பிழைப்பைத் தேடி வெளியூர் சென்றதால் சீனிவாசனார் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். உடன் பயிலும் மாணவர்கள் தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவார்களோ என அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படித்து, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவது அவர் வழக்கமாயிருந்தது. இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். தன் பெயரைக்கூட மறைத்து வாழ நேர்ந்த பிள்ளை அவன். அந்தப் பிள்ளை பெரியவனானதும் செய்த முதற் பெருங்காரியம் எது என்பதை இனிக் காண்போம்.

ஏடும் சபையும்

படிப்பு முடிந்தபின் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையம் ஒன்றில் கணக்கராகப் பத்தாண்டுக் காலம் பணி செய்தார். பண்டிதர் அயோத்திதாசர் இவருடைய தங்கையின் கணவர். 1890இல் சென்னைக்கு வந்த சீனிவாசனார் பறையர் மகாஜன சபையை ஏற்படுத்தினார். 1893 அக்டோபரில் ஓர் இதழையும் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’.

பிறர் வசைச் சொல்லாக வீசியதைத் தம் ஏட்டின் முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்டார். வகுப்பறை வாசலில் தன்னை மறைத்துக் கொண்ட அந்தப் பிள்ளை இப்போது எதையும் மறைக்கவில்லை. நான்கு பக்கங்களோடு மாத இதழாகத் தொடங்கி, சில மாதங்களிலேயே வார ஏடாக வளர்ந்த ‘பறையன்’ 1900 வரை நடந்தது. அதில் வெளியான கடிதம் ஒன்றுக்காக 1896இல் வழக்குத் தொடரப்பட்டு அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அக்காலத்து 100 ரூபாய் சிறு தொகையன்று. ஆனாலும் ஏடு நிற்கவில்லை.

1893இலேயே அவர் செய்த இன்னொரு செயலையும் குறிப்பிட வேண்டும். ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கட்சி கோரிய காலம் அது. அப்படி நடந்தால் உயர்சாதியார் மட்டுமே தேறிப் பதவிக்கு வருவர், ஏழை மக்கள் மீண்டும் அவர்கள் கையிலேயே சிக்குவர் என்று சீனிவாசனார் கருதினார். 3,412 பேர் கையொப்பமிட்ட எதிர்மனு ஒன்று இலண்டன் பாராளுமன்றத்துக்குச் சென்றது. இந்த நிலைப்பாட்டை நாட்டுப்பற்றுக்கு விரோதமானது என்று கண்டித்தவர் உண்டு. இன்றும் அவ்வாறு எண்ணுவோர் இருக்கலாம். ஆட்சி யார் கைக்கு வரும் என்று கேட்பவனை விட, அந்த ஆட்சி தன் தெருவுக்கு எப்படி வரும் என்று கேட்பவனுக்கே அதன் உண்மை முகம் தெரியும் என்பதை மட்டும் நாம் இங்கே சொல்லி வைப்போம்.

1900இல் இங்கிலாந்து செல்லும் எண்ணத்தோடு கப்பலேறியவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அங்கே காந்தியடிகளோடும் பழக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது 60ஐத் தாண்டியிருந்தது. பலர் ஓய்வெடுக்கும் அவ்வயதில்தான் அவருடைய உண்மையான பொதுவாழ்வு தொடங்கிற்று எனலாம்.

தொகுதி இல்லாத உறுப்பினர்

1923இல் அவர் சென்னை மாகாணச் சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். நியமனம் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்க்கே உரியது. சேரி மக்களிடம் சொத்து இல்லை. ஆகவே வாக்கும் இல்லை. அவர்களுக்காகச் சிலரை ஆளுநர் நியமித்தார். எம். சி. ராஜா அவர்கள் இவருக்கு முன்னரே அவ்வாறு இடம் பெற்றவர். எனவே சீனிவாசனாருக்கு வரைபடத்தில் காட்டத்தக்க தொகுதி எதுவும் இல்லை. மாகாணத்தின் சேரிகள் அனைத்துமே அவருடைய தொகுதி.

அத்தொகுதியின் குறைகள் எவை? பெரிய அரசியற் கொள்கைகள் அல்ல. ஊர்த் தெரு வழியாகச் சந்தைக்குப் போக முடியவில்லை. பொதுக் கிணற்றில் குடத்தை இறக்க முடியவில்லை. தாலுகா கச்சேரியில் மனுக் கொடுக்க வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால் தனியே உட்கார வைக்கிறார்கள். இவை மேடையில் முழங்குவதற்கு ஏற்ற பொருள்கள் அல்ல. ஆனால் அதிகாலையில் குடத்தோடு நிற்கும் தாய்க்கு இவற்றை விடப் பெரிய அரசியல் வேறு கிடையாது.

1924ஆம் ஆண்டு சீனிவாசனார் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எவ்வகுப்பைச் சேர்ந்தவராயினும் எந்த ஊரிலும் நகரிலும் உள்ள பொதுச் சாலை, தெரு, பாதை வழியே நடக்கத் தடையில்லை என்பது அதன் முதற் பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றை மற்றச் சாதியார் எவ்வாறு பயன்படுத்துகிறார்களோ அவ்வாறே தாழ்த்தப்பட்டோரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது இரண்டாம் பகுதி. தீர்மானம் நிறைவேறியது. அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது.

இதன் அருமையை உணர அக்கால நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1924இல்தான் திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்தது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக மட்டும் மக்கள் மாதக்கணக்கில் வெயிலிலும் வெள்ளத்திலும் நின்றனர். இங்கே ஒரு முதியவர் சட்டசபையில் எழுந்து நின்று மாகாணம் முழுமைக்கும் அவ்வுரிமையை ஏட்டில் ஏற்றிவிட்டார்.

ஏட்டில் ஏறியது ஊரில் இறங்கிற்றா? அதுதான் கேள்வி.

ஆணையும் அதன் வழியும்

பம்பாய் மாகாணத்தில் 1923இலேயே இத்தகைய தீர்மானம் ஒன்று நிறைவேறியிருந்தது. மகாடு என்னும் ஊரின் நகராட்சி தன் குளத்தை அனைவருக்கும் திறந்ததாக அறிவித்தது. ஆனாலும் அக்குளத்தில் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்க 1927 மார்ச் மாதம் அம்பேத்கர் அவர்கள் ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிச் செல்ல வேண்டியிருந்தது. குடித்தவர்கள் அடிபட்டனர். குளம் தீட்டுப்பட்டதென்று பின்னர் சடங்கு நடத்தினர்.

நம் மாகாணத்தின் கதையும் வேறன்று. சென்னையில் பிறந்த ஆணை மாவட்ட போர்டுக்குச் சென்று, தாலுகா போர்டுக்குச் சென்று, கிராமத்தை அடைய வேண்டும். கிராமத்தில் அதனை நடத்தி வைக்க வேண்டியவர் மணியக்காரரும் கர்ணமும். அவர்களே பெரும்பாலும் மிராசுதார் வீட்டாரின் உறவினர். கிணற்றடியில் யார் நின்று காவல் செய்வது? குடத்தை இறக்கிய பெண்ணின் புருஷனுக்கு மறுநாள் வேலை மறுக்கப்பட்டால் எந்தச் சட்டம் அவன் அடுப்பை எரிய வைக்கும்?

அக்காலத்தில் அரசின் தொழில் நலத் துறை சேரிகளில் தனிக் கிணறுகள் வெட்டித் தந்தது. மனைகள் வாங்கித் தந்தது. தனிப் பள்ளிகளும் திறந்தது. இவை நல்ல காரியங்களே. தாகத்தோடு இருப்பவனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. ஆனால் தனிக் கிணறு தாகத்தைத் தீர்த்ததே தவிரப் பிரிவினையைத் தீர்க்கவில்லை. ஊர்க் கிணறு ஊருக்கும் சேரிக் கிணறு சேரிக்கும் என்ற ஏற்பாடு இன்னும் உறுதிப்பட்டது. சீனிவாசனாரின் தீர்மானம் கேட்டது வேறு. பொதுவானது என்று பெயர் பெற்றது எதுவோ அது உண்மையிலேயே பொதுவாக இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. இவ்வேறுபாட்டை நாம் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும்.

மது அரக்கனைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார். கூலி கிடைக்கும் நாளிலும் ஓய்வு நாளிலும் கடை திறந்திருந்தால் கூலி வீடு சேராது. ஆகவே விடுமுறை நாட்களிலேனும் மதுக்கடைகளை மூட வேண்டுமென வற்புறுத்தினார். ஏழைக் குடும்பத்தின் உள்வாழ்க்கையை அறிந்தவரே கேட்கக்கூடிய கோரிக்கை இது. பங்குகளில் பணிபுரியும் எம் போன்றோர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

இலண்டன் மாநகரில்

1930ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதிகளாக இருவர் சென்றனர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர், மற்றவர் சீனிவாசனார். ஒருவருக்கு வயது 39. மற்றவருக்கு 70ஐக் கடந்த முதுமை. மறு ஆண்டு நடந்த மாநாட்டிலும் இருவரும் கலந்துகொண்டனர்.

மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் விருந்தில், தாம் யார் என்பதைத் தெரிவிக்கும் அட்டையைச் சட்டையில் அணிந்தே சீனிவாசனார் நின்றார். தீண்டாமை என்றால் என்னவென்று மன்னர் வினவினார். தெருவில் கீழே விழுந்து கிடந்தாலும் மேல்சாதியான் தம்மைத் தூக்கி விட மாட்டான் என்று விளக்கினார் முதியவர். மன்னர் அதைக் கேட்டு நெகிழ்ந்து அவர் கையைப் பற்றிக் குலுக்கினார் என்பது அவர் எழுதி வைத்த செய்தி. கோழியாளத்துக் கிணற்றைத் தொட முடியாத கையை இங்கிலாந்து மன்னர் தொட்டார். வெளியூரில் கிடைத்த மரியாதை உள்ளூரில் கிடைப்பதற்குத்தான் நாள் பிடித்தது.

1932 செப்டம்பர் 24ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம். சி. ராஜா ஆகியோரோடு சீனிவாசனாரும் ஒப்பமிட்டார். தனி வாக்காளர் தொகுதி கைவிடப்பட்டு, பொதுத் தொகுதிகளில் தனி இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்துக்கு அவ்வாறு கிடைத்தவை 30 இடங்கள். தொகுதியே இல்லாமல் நியமனத்தால் உள்ளே வந்தவர், தம் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு உள்ளே வரும் வழியைத் திறந்து வைத்தார். இன்று நம் மாவட்டத்தில் மதுராந்தகமும் செய்யூரும் தனித் தொகுதிகளாக இருப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1954இல், அவருடைய பேரன் பரமேஸ்வரன் அவர்களைக் காமராசர் அறநிலையத்துறை அமைச்சராக்கினார். கோயில் தெருவில் நடக்கக் கூடாதென்று விலக்கப்பட்ட குலத்தின் பிள்ளையைக் கோயில்களின் பொறுப்பில் அமர்த்தினார் அப்பெருந்தலைவர்.

நமக்கு அவர் வைத்த கேள்வி

1935இல் அம்பேத்கர் மதமாற்றம் பற்றி அறிவித்தபோது சீனிவாசனார் அதனை ஏற்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் வருணத்துக்கு அப்பாற்பட்டவர், அவர்கள் இந்துக்களே அல்லர், ஆகையால் வெளியேறுவதற்கு ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம். கத்தோலிக்கக் குருக்களாகிய நாம் இதை உடன்பட்டுக் கூற இயலாது. நற்செய்தி எல்லார்க்கும் உரியதென்பது நம் விசுவாசம். ஆனால் அவர் கருத்தை எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. மதம் மாறியவன் வாழ்வு மாறியதா என்று அவர் நம்மைக் கேட்பது போலிருக்கிறது.

அக்கேள்விக்குத் திருச்சபை வெட்கத்தோடுதான் விடை கூற வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்தினுள் சாதிக்கொரு பக்கமாகத் தடுப்பு வைத்திருந்தோம். 1910இல்தான் அது அகற்றப்பட்டது. அகற்றியதற்காக வழக்கும் நடந்தது. கல்லறைகளைப் பிரித்த சுவர்கள் வேறு பல ஊர்களில் இருந்தன. 2003ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது சாதி வேற்றுமையைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான தனிக் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. ஆணைகள் நம்மிடமும் குறைவில்லை. சீனிவாசனாரின் தீர்மானத்துக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேரலாம் என்பதுதான் நம் அச்சம்.

நாட்டுச் சட்டமும் நம் மக்கள்பால் கருணை காட்டவில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தாழ்த்தப்பட்டோரை அட்டவணைச் சாதியர் பட்டியலில் சேர்க்கவில்லை. நிலத்தின் கதையும் அவ்வாறே. 1892இன் ஆணைப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பல கை மாறிப் போயின. நமக்கு அண்மையிலுள்ள காரணையில் அந்நிலத்தை மீட்கக் கோரி மக்கள் போராடியபோது, 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இரு இளைஞர் உயிர் நீத்தனர். டிரெமென்ஹீர் அறிக்கை எழுதி நூறாண்டு கழிந்த பின்னும், அதே மாவட்டத்தில், அதே நிலத்துக்காக உயிர் போயிற்று.

அன்புள்ள பங்கு மக்களே, நம் அணுபுரம் குடியிருப்பில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் ஒரே தொட்டி நீரைக் குடிக்கிறோம். யாரும் யாரையும் கேட்பதில்லை. இது பெரும் பேறு. ஆனால் குடியிருப்பின் வாயிலைத் தாண்டிச் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்றால் ஊரும் சேரியும் இன்னும் இருவேறாக நிற்பதைக் காண்கிறோம். அவ்விரண்டிலிருந்தும் வருவோர் ஞாயிற்றுக்கிழமை ஒரே பலிபீடத்தின் முன் கூடுகிறார்கள். கூடிய பின் எவ்வாறு அமர்கிறார்கள்? அன்பியக் கூட்டம் எவர் வீட்டில் நடக்கிறது, எவர் வீட்டில் நடப்பதில்லை? சாவு வீட்டுக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு வாய் காப்பி அருந்துகிறார்களா? திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் செல்கிறதா? பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் ஞானஸ்நானச் சான்றிதழை மட்டும் பார்க்கிறோமா, வேறொன்றையும் விசாரிக்கிறோமா? இவற்றுக்கு விடையை எழுத வேண்டியவர் பங்குத் தந்தை மட்டும் அல்லர். ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றின் முன் எழுத வேண்டும்.

நம் ஆண்டவர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டது கிணற்றடியில்தான். யூதர் தொடாத பாத்திரத்திலிருந்து அவர் குடிக்கக் கேட்டார். பிறருக்கு நீர் தருவது தருமம். பிறர் கையால் நீர் வாங்கிக் குடிப்பது சமத்துவம். சீனிவாசனார் நம் ஆண்டவரை ஆண்டவர் என்று அறிக்கையிடவில்லை. ஆயினும் ஆண்டவர் அமர்ந்த அதே கிணற்றடிக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து நின்றார்.

சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்கு நினைவு மண்டபம் உண்டு. சென்னை செல்வோர் தம் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, இவர் நம் மதுராந்தகத்துப் பக்கத்துக்காரர் என்று சொல்லிக் காட்ட வேண்டுகிறோம். அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னத்தை நாம் இங்கேயே எழுப்பலாம். இந்த விழா ஆண்டு முடிவதற்குள், இதுவரை எவர் வீட்டு வாசலை நாம் மிதித்ததில்லையோ அவர் வீட்டுக்குச் சென்று ஒரு குவளை தண்ணீர் கேட்டுக் குடிப்போமாக. அவ்வாறு செய்யும் மனத்தை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக.